வாசகர் வட்டக் கலந்துரையாடலுக்கு எத்தகைய விதிகள் தேவை?

கேள்வி: வட்டச்செயலர்

அனைவருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் கிளை நூலகத்தில் இயங்கும் வாசகர் வட்டத்தின் செயலராக இருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு மாலையில் கூடுகிறோம். ஒருவர் ஒரு பொருள் குறித்து இருபது நிமிடம் பேசுவார். அதன்பின் கலந்துரையாடல் நடைபெறும். பேச்சுகள் பெரும்பாலும் நன்றாகவே அமைகின்றன. கலந்துரையாடல்தான் ஒவ்வொரு முறையும் தடம் மாறிப் போகிறது.

சென்ற கூட்டத்தின் பொருள் கீழடி. பேசியவர் வரலாறு படித்த இளைஞர். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையை முழுவதும் படித்துவிட்டு வந்திருந்தார். முதல் மூன்று கட்ட அகழாய்வுகளை இந்தியத் தொல்லியல் துறையும், நான்காம் கட்டத்திலிருந்து மாநிலத் துறையும் மேற்கொண்டதையும், கரிமப் பகுப்பாய்வுக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட ஆறு மாதிரிகளுள் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுக்கப்பட்ட ஒன்றுக்குக் கி.மு. 580 என்ற காலம் கிடைத்ததையும், அதனைக் கொண்டே அங்குள்ள பண்பாட்டின் தொடக்கம் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டதையும் நிதானமாக விளக்கினார்.

அவர் அமர்ந்தவுடன் எழுந்த முதல் அன்பர், கீழடி பத்தாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்றார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டதற்கு, "இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று விடையளித்தார். இரண்டாமவர், இந்தக் காலக்கணிப்பு அனைத்துமே அரசியல் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். மூன்றாமவர் தம் குலதெய்வக் கோயில் கல்வெட்டைப் பற்றிக் கால் மணி நேரத்துக்கு மேல் பேசினார். நான்காமவர், பேசிய இளைஞரிடம் "தம்பி, நீங்கள் எந்தக் கட்சி?" என்று கேட்டார். அதன்பின் நடந்தவற்றை எழுத விரும்பவில்லை. முதன்முறையாக வந்திருந்த கல்லூரி மாணவியர் இருவர் கையை உயர்த்தி உயர்த்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமலேயே எழுந்து சென்றனர்.

இதனால் எங்கள் செயற்குழு உறுப்பினர் ஒருவர் நீண்ட விதிப்பட்டியல் ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறார். அரசியல் பேசக் கூடாது, சமயம் பேசக் கூடாது, மொழிப் பிரச்சினை பேசக் கூடாது, யார் மனமும் புண்படக் கூடாது என்று அது நீள்கிறது. இப்பட்டியலை ஏற்றுக்கொண்டால், கீழடியைப் பற்றிப் பேசுவதற்குக் குழியின் ஆழத்தைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது என்பது என் எண்ணம். கலந்துரையாடல் பயனுள்ளதாக அமைய, உண்மையிலேயே தேவைப்படும் சில விதிகள் எவை? அவற்றை யார், எப்படி நடைமுறைப்படுத்துவது? அனுபவம் உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி 1: பழைய தமிழாசிரியர்

செயலர் அவர்களுக்கு வணக்கம். உங்கள் செயற்குழு உறுப்பினர் தந்த பட்டியல் பொருளைத் தடை செய்கிறது; பேசும் முறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குறை இருப்பதோ முறையில்தான். சென்ற கூட்டத்தில் நிகழ்ந்ததாக நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொன்றுக்கும் பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பெயர் வைத்துவிட்டார்.

அவர் இயற்றிய இலக்கண நூலான நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று ஒரு நூற்பா உண்டு. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை என்பன அவை. பத்தாயிரம் ஆண்டு என்றவர் செய்தது மிகைபடக் கூறல். எல்லாம் அரசியல் என்று ஒரே வரியில் முடித்தவர் செய்தது குன்றக் கூறல். ஏனெனில், எந்த மாதிரி, எந்தக் கணிப்பு, அதில் எது பிழை என்பவற்றுள் ஒன்றையும் அவர் கூறவில்லை. குலதெய்வக் கோயிலுக்குப் போனவர் செய்தது மற்றொன்று விரித்தல். நான் கண்ட கூட்டங்களிலெல்லாம் மிகுதியாக நிகழ்வதும், மிகுதியாகப் பொறுத்துக்கொள்ளப்படுவதும் இந்தக் குற்றமே. பேசுபவர் பொய் சொல்வதில்லை, யாரையும் ஏசுவதுமில்லை. ஆகையால் அவரை நிறுத்துவதற்கு எவருக்கும் மனம் வருவதில்லை. அந்தக் கோயில் கல்வெட்டு உண்மையிலேயே சிறப்பானதாகவும் இருக்கலாம். அதற்கென்று தனியாக ஒரு மாதம் ஒதுக்குங்கள்; அவரையே பேசச் சொல்லுங்கள்.

குற்றங்களை மட்டும் சொல்லி நிறுத்தினால் உங்கள் உறுப்பினரின் பட்டியலுக்கும் என் பட்டியலுக்கும் வேறுபாடு இராது. அந்த நூற்பாவுக்கு முந்தைய நூற்பாதான் உங்களுக்கு மிகவும் பயன்படும். நூலாசிரியன் பிறர் கருத்தோடு எவ்வெவ்வாறு உறவு கொள்ளலாம் என்பதனை எழுவகை மதம் என்று அது வகுக்கிறது; மதம் என்பது இங்கே கொள்கையைக் குறிக்கும், சமயத்தை அன்று. பிறர் கருத்துக்கு உடன்படலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களையலாம், தானே ஒரு கருத்தை நாட்டி அதனை இறுதிவரை நிறுவலாம், இருவர் மாறுபட்டுக் கூறியவற்றுள் ஒன்றைத் துணியலாம், பிறர் நூலில் உள்ள குற்றத்தைக் காட்டலாம், பிறர் கொள்கையோடு சேராது தன் கொள்கையையே கொள்ளலாம். எழுந்து பேசும் ஒவ்வொருவரும், தாம் இந்த ஏழனுள் எதனைச் செய்யப் போகிறோம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடட்டும். "இவர் சொன்ன காலக்கணிப்பை ஏற்கிறேன், அதிலிருந்து இவர் பெற்ற முடிவை மறுக்கிறேன்" என்று தொடங்கும் ஒருவர் குலதெய்வக் கோயிலுக்குப் போக முடியாது.

இவ்வேழனுள் மூன்றாவதான 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவு' என்பதனை மறுப்போர் அனைவருக்கும் கட்டாயமாக்குங்கள் என்பேன். மறுக்கப் புகுமுன், மறுக்கப்படும் கருத்தை அதற்குரியவரே "ஆம், நான் சொன்னது இதுதான்" என்று ஒப்பும்படி ஒருமுறை எடுத்துச் சொல்ல வேண்டும். 'எண்பொருள வாகச் செலச்சொல்லித் தான்பிறர்வாய் நுண்பொருள் காண்பது அறிவு' என்ற குறளின் பிற்பகுதியை நாம் மேடைகளில் அவ்வளவாக நினைப்பதில்லை. எளிதாகச் சொல்லும் திறமைக்குக் கைதட்டுகிறோம். பிறர் வாயிலிருந்து நுண்பொருளைக் காண்பவரை யாரும் கவனிப்பதில்லை.

வினாக்களைப் பற்றியும் ஒரு சொல். நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. அறிந்தவர் கேட்கும் அறிவினா, அறியாதவர் கேட்கும் அறியா வினா, ஐயமுற்றவர் கேட்கும் ஐய வினா ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கும். பின்னிரண்டும் ஒரு கூட்டத்துக்கு உரியவை. அறிவினா ஆசிரியர் மாணவரிடம் கேட்பதற்குரியது. நம் கூட்டங்களிலோ, விடையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேசியவரை மடக்குவதற்காகவே கேட்கப்படும் வினாக்கள் மிகுதி. விடை தெரிந்தவர் அதனைக் கருத்தாகவே கூறிவிடலாம். வினா என்ற போர்வை எதற்கு?

மறுமொழி 2: அவைக்குறிப்பாளர்

ஆசிரியர் ஐயா எழுதியவற்றைச் சுவைத்துப் படித்தேன். ஆயினும் ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். நன்னூலின் பத்துக் குற்றமும் எழுதப்பட்ட நூலுக்கு வகுக்கப்பட்டவை. நூலாசிரியனுக்கு அடித்துத் திருத்த நேரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் எழுந்து நின்று பேசுபவருக்கு இல்லை. மேலும், ஒருவர் பேசியது மற்றொன்று விரித்தல்தான் என்று தீர்ப்பளிப்பவர் யார்? அதனை முடிவு செய்யாவிட்டால், "நீர் மற்றொன்று விரிக்கிறீர்" என்று நால்வர் கூச்சலிடுவதே அன்றைய கலந்துரையாடலாகிவிடும்.

கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் பல ஆண்டுகள் கூட்டக் குறிப்பெழுதியவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். விதி எதுவாயினும் அதனைச் செயற்படுத்தும் தலைவர் ஒருவர் வேண்டும். அவர் அன்றைய பொருளைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அமெரிக்கப் படைப்பொறியாளரான ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்பவர் 1863இல் நியூ பெட்ஃபோர்டு நகரில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும்படி திடீரென அழைக்கப்பட்டார். கூட்டம் கட்டுக்கடங்காமல் போயிற்று. அந்த அனுபவத்தின் விளைவாகக் கூட்ட நடைமுறைகளைத் தேடிப் படித்து, அவர் 1876இல் வெளியிட்ட விதிநூல்தான் இன்றும் அந்நாட்டுச் சங்கங்கள் பலவற்றில் கையாளப்படுகிறது. விவாதத்தில் கலந்துகொள்ள விரும்பும் தலைவர் தம் இருக்கையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்பது அம்மரபு. ஒருமுறையும் பேசாதவர் கைதூக்கிக் காத்திருக்கும்போது, முன்பே பேசியவருக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை என்பதும் அதில் உண்டு. இவ்விரண்டை மட்டும் கடைப்பிடித்திருந்தாலே அந்த மாணவியர் இருவரும் பேசியிருப்பார்கள்.

நம் நாட்டு முன்மாதிரியும் இருக்கிறது. மக்களவை நடைமுறை விதிகளில் 352ஆம் விதி, ஓர் உறுப்பினர் மற்றோர் உறுப்பினருக்கு உள்நோக்கம் கற்பித்தோ அவரது நேர்மையை ஐயுற்றோ பேசுவதைத் தடுக்கிறது. விவாதத்துக்கு இன்றியமையாததாக இருந்தால் மட்டுமே அதற்கு இடமுண்டு. "நீங்கள் எந்தக் கட்சி" என்ற கேள்வி இந்த வகையைச் சேர்ந்தது. பேசியவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும் 353 சென்டிமீட்டர் 353 சென்டிமீட்டர்தான். அடுத்து 356ஆம் விதி: பொருத்தமில்லாததையே விடாமல் பேசுபவரையும், தம் வாதத்தையோ பிறர் வாதத்தையோ சலிப்பூட்டும் வகையில் மீண்டும் மீண்டும் கூறுபவரையும், அவைத்தலைவர் அந்நடத்தையை அவையின் கவனத்துக்குக் கொண்டுவந்த பிறகு, பேச்சை நிறுத்தச் சொல்லலாம். ஐயா சொன்ன மற்றொன்று விரித்தலும் கூறியது கூறலும் இங்கேயும் இருக்கின்றன. கூடுதலாக, யார் நிறுத்துவது, எந்தப் படியில் நிறுத்துவது என்பதும் இருக்கிறது. முதலில் எல்லோர் முன்னிலையிலும் நினைவூட்டல், அதன்பின்னரே நிறுத்தம். நாடாளுமன்றத்தில் இவ்விதிகள் எந்த அளவுக்குப் பின்பற்றப்படுகின்றன என்று கேட்டுவிடாதீர்கள். விதி நல்ல விதி.

இன்னொன்று. பேசுபவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசாமல், "தலைவர் அவர்களே" என்று தலைவரை நோக்கியே பேச வேண்டும். இது வெறும் சடங்கென்று இளைஞர்கள் நகைப்பார்கள். ஆனால் "நீங்கள் சொன்னது தவறு" என்பது "முன்னவர் கூறியது பொருந்தாது, தலைவர் அவர்களே" என்று மாறும்போதே சூடு பாதியாகக் குறைவதைப் பொதுக்குழுக் கூட்டங்களில் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி 3: நிலாமுற்றம்

உங்கள் பதிவில் எழுந்து சென்ற மாணவியரின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். வேறு ஊர், வேறு வட்டம். ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து சில சொல்கிறேன்.

பெரியவர்கள் இருவரும் எழுதியவை சரியே. எனினும், விதிகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கூட்டத்தில் நாங்கள் பேசத் தொடங்கியவுடன் விழும் முதல் சொல் "சொல்லும்மா, நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதான். கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை சொல்லி முடிப்பதற்குள், ஊரும் தெருவும் உறவும், சில இடங்களில் சாதியும் அவைக்கு வந்துவிடுகின்றன. அதன்பின் நான் சொல்லும் கருத்து என் கருத்தாகக் கேட்கப்படுவதில்லை, இன்னார் மகளின் கருத்தாகவே கேட்கப்படுகிறது. எனவே, பேசுபவர் தம் பெயரை மட்டும் சொன்னால் போதும். வயது, தொழில், குடும்பம், ஊர் எதனையும் யாரும் கேட்கக் கூடாது என்று ஒரு விதி வேண்டும். "எங்கள் வயதுக்கு வந்தால் உனக்குப் புரியும்" என்ற வாக்கியத்தையும் அதில் சேர்த்துத் தடை செய்துவிடுங்கள். அது எந்தக் கருத்துக்கும் மறுப்பாகாது.

ஆதாரம் கேட்பது பற்றியும் சொல்ல வேண்டும். பத்தாயிரம் ஆண்டு என்ற பெரியவரிடம் "எங்கே படித்தீர்கள்" என்று கேட்டது சரியான கேள்விதான்; ஆயினும் அவர் அதனை அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டிருப்பார். கேள்வி அவரிடம் மட்டும் கேட்கப்பட்டதே காரணம். எல்லோரிடமும், உடன்படுவோரிடமும்கூட, ஒவ்வொரு முறையும் கேட்கப்படும் என்றால் அதில் அவமதிப்பு இல்லை. எண்ணோ ஆண்டோ சொல்பவர் எவராயினும், அதனைப் படித்த நூலையோ அறிக்கையையோ சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்ல இயலாவிட்டால் "நான் கேள்விப்பட்டது" என்று முன்னுரைத்துவிட்டுத் தொடரலாம். கேள்விப்பட்டதைப் பேசுவதில் தவறில்லை. அதனை அகழாய்வு அறிக்கைக்குச் சமமாக வைப்பதுதான் தவறு. வாட்ஸ்அப் செய்திகளுக்கு இந்த ஒரு விதியே போதும்.

ஆசிரியர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: அறியா வினாவுக்குக் கலந்துரையாடலின் முதல் பத்து நிமிடங்களைத் தனியே ஒதுக்கச் சொல்லுங்கள். "கரிமக் கணிப்பு என்றால் என்ன?" என்று கேட்க விரும்பும் ஒருவர், இரண்டு பேர் காரசாரமாக மோதிக்கொண்ட பிறகு அதனைக் கேட்க மாட்டார்.

வட்டச்செயலர்

மூவருக்கும் நன்றி. மறுமொழிகளைச் செயற்குழுவில் படித்துக் காட்டினேன். பட்டியல் எழுதிய உறுப்பினர் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொண்டார். ஆனால் சமயம் பேசக் கூடாது என்பதை மட்டும் விட மறுக்கிறார். "மற்றவற்றில் சண்டை வந்தால் அன்றோடு போய்விடும், இதில் வந்தால் ஊருக்குள் போகும்" என்கிறார். அவர் அச்சத்தை நான் முற்றிலும் தள்ளிவிடவில்லை. இதற்கு என்ன சொல்வது?

பழைய தமிழாசிரியர்

முதலில் அவைக்குறிப்பாளருக்கு: தலைவர் வேண்டும் என்பதை ஏற்கிறேன். நூலுக்குரிய குற்றம் பேச்சுக்குப் பொருந்தாது என்பதை ஏற்கவில்லை. பேச்சைக் கேட்பவருக்குத் திரும்பப் படிக்கும் வசதி இல்லாததால் மயங்க வைத்தல் அங்கே இருமடங்கு குற்றமாகும். அது நிற்க.

சமயத்தைப் பற்றி. மணிமேகலையின் முதற் காதையில் புகார் நகரத்து இந்திர விழாவை முரசறைந்து அறிவிக்கும் பகுதி வருகிறது. தெருவைத் தூய்மை செய்யுங்கள், தோரணம் கட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டே வரும் முரசறைவோன், 'ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்' என்கிறான். அடுத்த அடிகளிலேயே, 'பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்' என்றும் சொல்கிறான். சமயவாதிகளை மேடை ஏறாதே என்று அவன் தடுக்கவில்லை. பாங்கறிந்து ஏறுக என்கிறான். பகைவரோடு ஆயினும் சினமும் பூசலும் இன்றி விலகிச் செல்க என்பது நகரத்தார் அனைவருக்குமான அறிவிப்பு. இருபத்தெட்டு நாள் விழாவில், வெவ்வேறு சமயத்தார் கூடியிருந்த ஒரு துறைமுக நகரத்தில், இதற்குமேல் ஒரு தடை தேவைப்பட்டதாக நூலாசிரியர் காட்டவில்லை. உங்கள் உறுப்பினர் இந்த இரண்டாம் பகுதியைத்தான் உண்மையில் விரும்புகிறார். அதனை விதியாக எழுதிக்கொள்ளட்டும்.

அதே காப்பியத்தின் இருபத்தொன்பதாம் காதையில் பௌத்தத் துறவியான அறவண அடிகள், வாதத்தில் நேரும் பிழைகளைப் பக்கப்போலி (கொள்கையில் பிழை) ஒன்பது, ஏதுப்போலி (காரணத்தில் பிழை) பதினான்கு, திட்டாந்தப்போலி (எடுத்துக்காட்டில் பிழை) பத்து என்று முப்பத்து மூன்றாக விரித்துரைப்பார். அவற்றையெல்லாம் வட்டத்தில் விளக்கப் புகுந்தால் ஓராண்டுக் கூட்டங்கள் அதற்கே சரியாகிவிடும். விருப்பமுள்ளோர் வீட்டில் படிக்கலாம்.

அவைக்குறிப்பாளர்

மயங்க வைத்தல் பற்றி ஐயா கூறியதை ஏற்றுக்கொள்கிறேன். செயலருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: சமயமோ அரசியலோ வருமென்று முன்கூட்டியே தெரிந்த பொருளுக்குத் தலைப்பை வினா வடிவில், ஒரே வாக்கியமாக எழுதிக் கரும்பலகையில் இடுங்கள். 'கீழடி' என்பது தலைப்பன்று. அதன்கீழ் எதனையும் பேசலாம். 'கீழடியில் கிடைத்த பானை ஓட்டு எழுத்துகளைக் கொண்டு அங்கு வாழ்ந்தோரின் எழுத்தறிவைப் பற்றி என்ன முடிவுக்கு வரலாம்?' என்பது தலைப்பு. விலகிப் போகிறவரை நிறுத்தும்போது தலைவர் தம் அதிகாரத்தைக் காட்ட வேண்டியதில்லை; பலகையைச் சுட்டினால் போதும்.

வட்டச்செயலர்

செயற்குழு இவ்வாறு முடிவு செய்திருக்கிறது. தலைப்பு வினாவாகப் பலகையில் எழுதப்படும். முதல் பத்து நிமிடம் ஐயம் தெளிவதற்கு மட்டும். பேசாதவருக்கே முதலுரிமை, ஒருவருக்கு ஒருமுறை மூன்று நிமிடம். மறுப்பவர் முதலில் எதிர்க்கருத்தை எடுத்துக் கூற வேண்டும். ஆண்டும் எண்ணும் ஆதாரத்தோடு வர வேண்டும். பெயர் தவிர வேறு அறிமுகம் இல்லை. சமயத் தடை நீக்கப்பட்டு, அவ்விடத்தில் மணிமேகலை அடிகள் இரண்டு எழுதப்படும். உறுப்பினரே தம் கையால் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தலைவரை நோக்கியே பேச வேண்டும் என்பதை மட்டும் குழு ஏற்கவில்லை. இருபது பேர் வட்டமாக அமரும் இடத்தில் அது செயற்கையாக இருக்கும் என்று கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. தலைவரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பது இன்னும் தீரவில்லை. மூத்தவர் ஒருவரையே நிலையாக வைக்கலாம் என்று சிலரும், மாதம் ஒருவர் என்று சிலரும் சொல்கின்றனர்.

நிலாமுற்றம்

மாதம் ஒருவரே நல்லது. அதிலும் சென்ற மாதம் மிகுதியாகப் பேசியவரை இந்த மாதத் தலைவராக்குங்கள். அவர் பொருளைப் பற்றி வாய் திறக்க முடியாது என்பது ஒருபுறம் இருக்க, மூன்று நிமிடம் முடிந்தும் நிறுத்தாத ஒருவரை நிறுத்த வேண்டிய பொறுப்பும் அவருடையதாகும்.

அவைக்குறிப்பாளர்

எங்கள் சங்கத்தில் இந்த யோசனை யாருக்கும் தோன்றாமல் போயிற்று. கோயில் கல்வெட்டு அன்பரிடமிருந்தே தொடங்கலாம். அவருடைய பேச்சுக்கான மாதத்தையும் அன்றே அறிவித்துவிடுங்கள்.